இரண்டு டாலர் வேட்புமனு: நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்துக்கு நிற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை காலை எட்டு மணி. எங்கள் ஊர்க் குப்பைக்கிடங்கின் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் தெர்மாஸ் காப்பியோடு நிற்கிறார். தொழில் பிளம்பர், கட்சி குடியரசுக் கட்சி. குப்பை மூட்டையோடு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் கையசைக்கிறார். கண்ணாடி இறங்கினால் கைகுலுக்கி, "உங்க தொகுதியில நிக்கிறேன்" என்று ஒரு அட்டையை நீட்டுகிறார். இங்கே பல ஊர்களில் குப்பை எடுக்க வண்டி வராது, நாமேதான் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதனால் ஊரே வந்து போகும் இடம் அது. அமெரிக்கத் தேர்தல் என்றால் டிவி விளம்பரமும் கோடி கோடியாய்ப் பணமும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, 2024-ல் அவருக்குத் தொண்டராகப் போன பிறகுதான் வேறு ஒரு அமெரிக்கா கண்ணில் பட்டது.

அவருடைய கருத்துகள் எல்லாமே எனக்கு ஒப்புதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணமோ பெரிய பெயரோ இல்லாத ஒரு பழமைவாத வேட்பாளர் அடிமட்டத்திலிருந்து எப்படி ஏறி வருகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நிற்க நினைப்பவருக்கும், நிற்பவருக்கு உதவ நினைப்பவருக்கும் அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், எதற்கு நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நியூ ஹாம்ப்ஷயரின் கீழவையில் 400 உறுப்பினர்கள். அமெரிக்காவில் இதைவிடப் பெரிய மாநில அவை கிடையாது. மாநில மக்கள்தொகையோ சுமார் 14 லட்சம்தான். வகுத்துப் பாருங்கள், ஒரு உறுப்பினருக்கு 3,500 பேர். தமிழ்நாட்டில் 234 பேர் ஏழு கோடிக்கும் அதிகமான மக்களுக்கு. அந்தக் கண்ணோடு பார்த்தால் இது பஞ்சாயத்து வார்டுத் தேர்தல் மாதிரிதான்.

சம்பளம் இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 200 டாலர். 1889-ல் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த தொகை, இன்றுவரை ஏறவே இல்லை. பெட்ரோலுக்குத் தனியாகப் பயணப்படி உண்டு. அலுவலகம் இல்லை, உதவியாளர் இல்லை. ஜனவரியிலிருந்து ஜூன் வரை தலைநகர் கான்கார்டுக்குப் போய் வர வேண்டியிருக்கும். அதனால்தான் அவையில் ஓய்வுபெற்றவர்கள் அவ்வளவு பேர். வேலைக்குப் போகிறவர் என்றால் முதலில் வீட்டில் பேசுங்கள், அப்புறம் முதலாளியிடம் பேசுங்கள். கட்சிக்காரர்களிடம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

தகுதி

வயது 18 ஆகியிருக்க வேண்டும். மாநிலத்தில் இரண்டு ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும். தேர்தலின்போது அந்தத் தொகுதியில் வசிக்க வேண்டும். இங்கே பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதிபர் பதவிக்குத்தான். குடியுரிமை வாங்கிய தமிழர் தாராளமாக நிற்கலாம்.

நம் ஆட்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் நன்கொடை கொடுக்கலாம், ஓட்டுப் போடக் கூடாது. தெரியாமல் போட்டுவிட்டால்கூட நாடு கடத்தல் வரை போகும். எச்-1பி விசாவில் இருப்பவர் ஐந்து டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. அது மாநிலத் தேர்தலுக்கும் உள்ளூர்த் தேர்தலுக்கும் பொருந்தும் மத்தியச் சட்டம். சம்பளமில்லாமல் அட்டை விநியோகிக்கலாம், கூட வந்து கதவு தட்டலாம். பிரசாரப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்ற முடிவில் மட்டும் தலையிடக் கூடாது. மத்திய அரசு ஊழியராக இருந்தால் கட்சிச் சின்னத்தில் நிற்கவே முடியாது.

தொகுதியைப் படியுங்கள்

ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர் என்ற பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் தலைசுற்றும். இங்கே பல தொகுதிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள். டெர்ரி ஊருக்கு மட்டும் 10 இடம். வாக்காளர் பத்துப் பெயர் வரை குறிக்கலாம், அதிக ஓட்டு வாங்கும் பத்துப் பேர் உள்ளே. போதாக்குறைக்கு, சில தொகுதிகளின் மேல் இன்னொரு தொகுதியைப் போர்வை மாதிரி விரித்திருப்பார்கள். ஒரே வீட்டுக்காரர் இரண்டு தொகுதிகளில் ஓட்டுப் போடுவார்.

இதனால் ஆட்டத்தின் தன்மையே மாறிவிடுகிறது. நீங்கள் யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை, முதல் இத்தனை பேருக்குள் வந்தால் போதும். எதிரணியில் ஒருவரைத் தாக்கிப் பேசினால் அதன் லாபம் உங்களுக்கே வரும் என்று சொல்ல முடியாது, பக்கத்து வரிசைக்காரருக்குப் போகலாம். உங்கள் கட்சியின் மற்ற வேட்பாளர்கள் பங்காளிகள் மாதிரி. கூட்டாக அட்டை அடித்துச் செலவைப் பகிர்ந்துகொள்வீர்கள். அதே சமயம், நெருங்கியவர்களிடம் "எனக்கு மட்டும் போடு, மற்றதைக் காலியா விடு" என்று காதோடு சொல்கிறவர்களும் உண்டு. அப்படிப் போட்டால் உங்கள் ஓட்டுக்குக் கனம் கூடும், உண்மைதான். ஆனால் சின்ன ஊரில் அந்தப் பேச்சு பங்காளி காதுக்குப் போகாமல் இருக்காது.

மாநிலச் செயலாளர் (கட்சிப் பதவி அல்ல, மாநிலத் தேர்தல்களைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அலுவலகம் முந்தைய தேர்தல் முடிவுகளை ஊர்வாரியாக வெளியிடுகிறது. கடைசி மூன்று தேர்தல்களை எடுத்துவைத்து, கடைசி இடத்தைப் பிடித்தவர் எத்தனை ஓட்டு வாங்கினார் என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் நூறு சேர்த்தால் அதுதான் உங்கள் இலக்கு. அந்த எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

நூறு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ராச்செஸ்டர் நகரத்தின் 4-ம் வார்டு. 2022 நவம்பரில் அங்கே இரண்டு வேட்பாளர்களும் 970-க்கு 970. மாநிலம் முழுவதும் அப்போது குடியரசுக் கட்சிக்கு 201, ஜனநாயகக் கட்சிக்கு 198 இடம். மீதி அந்த ஒரு நாற்காலி. 2023 பிப்ரவரியில் மறுதேர்தல் வைத்து, ஜனநாயகக் கட்சிக்காரர் வென்றார். நவம்பரில் சோம்பேறித்தனத்தில் வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரே ஒரு ஆதரவாளரை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பழமைவாதம் எது?

"நான் கன்சர்வேட்டிவ்" என்று மட்டும் சொன்னால் இங்கே போதாது. தொலைக்காட்சியில் ஓடும் தேசியச் சண்டைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் வேட்பாளர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள். இந்த மாநிலத்தின் பழமைவாதத்துக்கு அதற்கே உரிய வரலாறு இருக்கிறது. சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, விற்பனை வரி இல்லை. 1972-ல் மெல்ட்ரிம் தாம்சன் "வரியை வெட்டு" என்ற கோஷத்தில் ஆளுநரானதிலிருந்து, பொதுவான புது வரி எதையும் ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வது வேட்பாளர்களுக்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வட்டிக்கும் பங்காதாயத்துக்கும் இருந்த வரிகூட 2025 தொடக்கத்தில் போய்விட்டது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 2017 முதல் உரிமம் வேண்டாம். வயது வந்தவர்கள் காரில் சீட் பெல்ட் போட வேண்டும் என்ற சட்டம் இல்லாத ஒரே மாநிலமும் இதுதான். நான் போட்டுக்கொள்கிறேன். அது வேறு விஷயம்.

ஆனால் அந்தப் பணம் வேறு எங்கிருந்தோ வர வேண்டுமே! வீட்டு வரியிலிருந்து வருகிறது. பள்ளிக்கூடச் செலவின் பெரும்பகுதி அதன் தலையில். 1997-ல் கிளேர்மான்ட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இந்த முறை சரியில்லை என்று சொன்னது. அன்றிலிருந்து வாதம் ஓயவில்லை. ஆகவே உங்களிடம் வரப்போகும் முதல் கேள்வி கருக்கலைப்பு பற்றியதோ எல்லைச் சுவர் பற்றியதோ அல்ல. "என் வீட்டு வரி ஏன் ஏறிக்கொண்டே போகிறது? நீங்கள் போய் என்ன செய்வீர்கள்?" என்பதுதான். ஒரு நிமிடத்தில், பொய் இல்லாமல் பதில் சொல்லப் பழகுங்கள். எங்கள் பிளம்பர் கண்ணாடி முன் நின்று பழகினார். முதல் பத்துத் தடவை அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

அடுத்த சூடான விஷயம் கல்விச் சுதந்திரக் கணக்கு. மாநிலப் பணத்தைத் தனியார் பள்ளிக்கோ வீட்டுக்கல்விக்கோ பெற்றோர் பயன்படுத்தும் இந்தத் திட்டம் 2021-ல் வந்தது. 2025-ல் வருமான வரம்பை எடுத்துவிட்டார்கள். பழமைவாதிகளுக்கு இது பெரிய வெற்றி. அரசுப் பள்ளி ஆசிரியர் வீட்டு வாசலில் இதுவே பெரிய சண்டை. எந்தப் பக்கம் பேசினாலும் எண்களைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மனுத் தாக்கல் செய்ததும் வரிக் குறைப்புக் குழுக்கள், துப்பாக்கி உரிமைக் குழுக்கள், சுதந்திரவாதக் குழுக்கள் கேள்வித்தாள் அனுப்புவார்கள். ஆமாம், இல்லை என்று டிக் அடிப்பது சுலபம். ஆனால் எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான், இரண்டு ஆண்டு கழித்து அதை வைத்து மதிப்பெண் போடுவார்கள். நியூ ஹாம்ப்ஷயர் லிபர்ட்டி அலையன்ஸ் என்ற அமைப்பு, எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று தங்க நிறத் தாளில் அச்சடித்து உறுப்பினர்களுக்கு விநியோகிக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தாளை வேதமாக வைத்திருக்கிறார்கள், மீதிப் பேர் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கிறார்கள்.

மனுத் தாக்கல்

ஜூன் மாதம். 2024-ல் 5-ம் தேதி முதல் 14-ம் தேதி வரை. உங்கள் ஊர் கிளார்க் அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தை நிரப்பி 2 டாலர் கட்ட வேண்டும். நம்மூர் சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய் என்று அந்த கிளார்க் அம்மாவிடம் சொன்னேன். "தோற்றால் திருப்பித் தருவார்களா?" என்று கேட்டார். விளக்கப் போய் வரிசை நீண்டுவிட்டது.

தவறவிடக் கூடாத ஒன்று: மனுத் தாக்கல் காலம் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் அந்தக் கட்சியின் பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும். கட்சி சாராதவர் என்று பட்டியலில் இருந்தால் மே மாதத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள். கூடவே, உங்கள் வருமானம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று சொல்லும் படிவம் ஒன்றும் கொடுக்க வேண்டும்.

பணம்

தனி வங்கிக் கணக்கு, கணக்கு எழுத ஒரு நம்பகமான ஆள், இந்த இரண்டும் முதல் நாளே வேண்டும். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் வரவு செலவு அறிக்கை தர வேண்டும் என்பதால் பத்து டாலர் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். எங்களுக்குச் செலவானது பலகை, கையடக்க அட்டை, தபால்தலை, அவ்வளவுதான். குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வின்ரெட் தளம் மூலம் இணையத்தில் நன்கொடை வாங்கலாம். இருந்தாலும் எங்களுக்குக் காசோலையில் வந்ததுதான் அதிகம். கொடுத்தவர்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள்.

பணமில்லாமல் ஜெயிக்க முடியுமா என்று கேட்டால் எல்லோரும் எட்வர்ட் டர் பெயரைச் சொல்வார்கள். நியூ ஜெர்சியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். 2021-ல் அந்த மாநில மேலவையின் தலைவராக 2010 முதல் கோலோச்சிய ஸ்டீவ் ஸ்வீனியை இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்கடித்தார். உட்கட்சித் தேர்தலுக்கு, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் 'பிரைமரி'க்கு, அவர் காட்டிய செலவு 153 டாலர். அதில் ஒரு பகுதி டன்கின் கடையில் ஆட்களுக்கு வாங்கிய தின்பண்டம், மீதி துண்டறிக்கையும் விசிட்டிங் கார்டும். அதே தொகுதியில் 2017-ல் இரு தரப்பும் வெளிக் குழுக்களுமாகச் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கும் மேல் கொட்டியிருந்தார்கள்.

கதையை இங்கே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் நிறுத்த மாட்டேன். பெருந்தொற்றுக் கால ஊரடங்கு மீதான கோபம் அந்த ஆண்டு அலையாக இருந்தது. அது அவர் உண்டாக்கிய அலை அல்ல. வென்ற சில நாளிலேயே இஸ்லாத்தை இழிவுபடுத்தி அவர் முன்பு எழுதிய பதிவுகள் வெளியே வந்தன, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 2023-ல் தோற்றும் போனார். எனவே மனுப் போடுவதற்கு முன்பே ஒரு வார இறுதியை ஒதுக்கி, உங்கள் பழைய பதிவுகளை எதிராளி படிப்பது போல நீங்களே படியுங்கள். அழிப்பதால் பிரயோஜனம் இல்லை, யாரோ படம் பிடித்து வைத்திருப்பார்கள். எதற்கு வருத்தப்படுகிறீர்கள், எதில் உறுதியாக நிற்கிறீர்கள் என்று தெளிவு வந்தால் போதும். எங்கள் பிளம்பருக்கு இதில் பிரச்சினை இல்லை. அவர் போட்டதெல்லாம் அடைத்துப்போன குழாய்களின் படம்.

கதவு தட்டுதல்

மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்தாலும் இதை முழுசாகச் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் தொடங்குங்கள். வாக்காளர் பட்டியலைக் கட்சி மூலம் வாங்கி, முந்தைய உட்கட்சித் தேர்தல்களில் யார் யார் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்று பிரியுங்கள். எப்போதும் வருகிற கட்சிக்காரர்கள் முதல் அடுக்கு. கட்சி சாராதவர்களில், போன தடவை குடியரசுக் கட்சி வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கியவர்கள் இரண்டாவது அடுக்கு. இங்கே கட்சி சாராதவர்கள் எந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம், இதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் இந்த இரண்டு அடுக்கைத் தவிர வேறு கதவைத் தட்டாதீர்கள். செப்டம்பரில் உட்கட்சித் தேர்தல், அதில் தோற்றால் நவம்பர் உங்களுக்குக் கிடையாது. எங்கள் ஆள் 2022-ல் அங்கேதான் விழுந்தார். கோடை முழுக்க முகநூலில் ஜனநாயகக் கட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுப் போட வேண்டிய சொந்தக் கட்சிக்காரர்களுக்கு அவர் முகமே தெரியவில்லை.

நேரம்: வார நாளில் மாலை ஐந்திலிருந்து இருட்டும் வரை, சனிக்கிழமை பத்து மணிக்கு மேல். மணி அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். நாய் இருக்கும். நீளமான கால்சட்டை போடுங்கள், புல்லில் உண்ணி இருக்கும். "அத்துமீறாதே" பலகை இருந்தால் விட்டுவிடுங்கள், அவருக்குத் தபால் அட்டை போதும். ஆள் இல்லையென்றால் அட்டையைக் கதவிடுக்கில் செருகுங்கள். தபால் பெட்டிக்குள் போடக் கூடாது, தபால்தலை இல்லாத எதையும் அதில் போடுவது மத்தியச் சட்டப்படி குற்றம்.

பேச வேண்டியது மூன்று வாக்கியம். பெயர், தெரு, எதற்கு நிற்கிறீர்கள். நான்காவது கேள்வியாக இருக்கட்டும்.

ஒரு ஆகஸ்ட் மாலை நடந்ததைச் சொல்கிறேன். முன்வாசலில் ஒரு அம்மா, எண்பது வயது இருக்கும், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இவர் வரி பற்றித் தொடங்கினார். அவர் கத்தியை நிறுத்தாமலே, "உங்கள் எல்லோருக்கும் வரிதான் தெரியும். இந்த ரோட்டு முனையில் மதகு இடிந்து இரண்டு வருஷம் ஆகிறது" என்றார். பழைய ஆளாக இருந்தால் அது மாநில விஷயமா ஊர் விஷயமா என்று விளக்கம் சொல்லியிருப்பார். இந்தத் தடவை சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். திரும்பும் வழியில் நின்று மதகைப் பார்த்தார், குழாய் அளவைக்கூட எழுதினார். மறுநாள் ஊர் நிர்வாகத்துக்கு போன் செய்துவிட்டு, அந்த அம்மாவுக்குக் கையால் ஒரு அட்டை எழுதிப் போட்டார். செப்டம்பரில் அந்தத் தெருவில் ஏழு வீட்டு முற்றத்தில் இவர் பலகை நின்றது. நாங்கள் வைத்தவை இரண்டு. மீதியைத் தன் வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது அந்த அம்மா.

வாசலில் வாதம் செய்யாதீர்கள். எதிர்க்கட்சிக்காரர் என்று தெரிந்தால் நன்றி சொல்லி அடுத்த வீட்டுக்குப் போங்கள். வாதத்தில் ஜெயித்தாலும் வேறு யாரையோ கோபப்படுத்தியிருப்பீர்கள்.

பலகை

பலகையில் பெயர் பெரிதாக இருக்கட்டும், பதவி சிறிதாக இருக்கட்டும், வேறு எதுவும் வேண்டாம். அந்த விளம்பரத்துக்கு யார் பொறுப்பு என்ற பெயரும் முகவரியும் கட்டாயம். மின்கம்பத்திலும் போக்குவரத்துப் பலகையிலும் ஒட்டக் கூடாது. ஒருவர் நிலத்தில் வைக்க அவர் அனுமதி வேண்டும். களவு போகும். புகார் கொடுத்து நேரத்தை வீணாக்காமல் இன்னொன்று வைத்துவிடுங்கள்.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை

2024-ல் செப்டம்பர் 10 உட்கட்சித் தேர்தல், நவம்பர் 5 பொதுத் தேர்தல். நடுவில் எட்டு வாரம். இப்போது பட்டியலைத் திருப்பிப் போடுங்கள். சொந்தக் கட்சிக்காரர்களுக்கு ஒரு தபால் அட்டை போதும், கால்கள் கட்சி சாராதவர்கள் பக்கம் போகட்டும்.

ஒரே கோட்டில் கட்சி முழுவதற்கும் ஓட்டுப் போடும் வசதியை இந்த மாநிலம் 2007-ல் எடுத்துவிட்டது. வாக்காளர் ஒவ்வொரு பெயராகக் குறித்தாக வேண்டும். 2020-ல் அதிபர் தேர்தலில் பைடன் இங்கே வென்றார், அதே சீட்டில் மாநிலத்தின் இரு அவைகளையும் குடியரசுக் கட்சி கைப்பற்றியது. மேலே ஒரு கட்சி, கீழே இன்னொரு கட்சி என்று குறிக்கும் ஆட்கள் இங்கே நிறைய. கீழே இருக்கும் பெயரைத் தெரிந்திருந்தால்தான் குறிப்பார்கள்.

தேர்தல் நாள்

முன்கூட்டியே வாக்களிக்கும் வசதி இங்கே இல்லை. தக்க காரணம் இருப்பவர்களுக்கு மட்டும் தபால் ஓட்டு. கிட்டத்தட்ட ஊரே ஒரே நாளில் ஒரே பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறது. விடியும் முன்பே போய் நிற்க வேண்டும். உள்ளே நுழையும் பாதையில் 10 அடி அகலத்துக்கு யாரும் குறுக்கே நிற்கக் கூடாது, அதற்கு வெளியே நிற்கலாம். வேட்பாளர் பெயர் போட்ட தொப்பியோ சட்டையோ அணிந்து உள்ளே போக முடியாது, ஓட்டுப் போடப் போகும் தொண்டர்களுக்கு மாற்றுச் சட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். நவம்பர் குளிருக்குக் கைச்சூட்டுப் பை, தெர்மாஸ், நல்ல பூட்ஸ். எதிர்க்கட்சி வேட்பாளர் பக்கத்திலேயே நிற்பார். எங்கள் ஆளின் எதிர் வேட்பாளர் டோனட் கொண்டுவந்திருந்தார், இரண்டு கட்சியும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

இரவு எண்ணிக்கை முடிந்ததும் எண்களைச் சத்தமாக வாசிப்பார்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் உடனே மறு எண்ணிக்கைக்கு மனு போடுங்கள். கெடு அந்த வார வெள்ளிக்கிழமை. மாநிலச் செயலாளர் ஆட்கள் கான்கார்டில் ஒவ்வொரு சீட்டையும் கையால் எண்ணுவார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும், தேர்தலுக்குப் பிறகு வரும் இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் பலகைகளை எடுத்துவிட வேண்டும்.

எங்கள் பிளம்பர் கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே போனார். டிசம்பர் முதல் புதன்கிழமை பதவியேற்பு. 1819-லிருந்து அவை கூடும் அதே மண்டபத்தில் அவருக்கு ஒரு இருக்கை எண் கொடுத்தார்கள். உறுப்பினராக அவருக்கு வந்த முதல் தொலைபேசி அழைப்பு தொகுதியிலிருந்துதான். குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதாம், எப்போது வர முடியும் என்று கேட்டார்கள்.